வழக்குக்கு நடுவே வயலைப் பார்த்தவர்கள்!

ஏற்காடு மலையில், 5,326 அடி உயரத்தில் இருக்கிறது சேர்வராயன் கோயில். குறுகலான, இருட்டான குகைக்குள் இரண்டு தெய்வங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சேர்வராயன், மற்றது காவேரியம்மன். சேர்வராயன் என்றால் மலை, காவேரியம்மன் என்றால் ஆறு. மே மாதத் திருவிழா வந்துவிட்டால் வாழவந்தி, நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மனத்தம் என்று சுற்றியுள்ள மலைக் கிராமங்களின் சனம் இங்கேதான் கூடும்.

காவிரி இந்த மலையில் பிறக்கவில்லை. குடகில் தலைக்காவேரியில் பிறந்து, மேட்டூர் வழியாகக் கீழே ஓடிவிடுகிறது. ஆனாலும் மலைக்கும் ஆற்றுக்கும் உறவு உண்டு. சேர்வராயன் மலையில் பெய்கிற மழையில் ஒரு பங்கு சரபங்கா, திருமணிமுத்தாறு வழியாகக் காவிரிக்குப் போய்ச் சேர்கிறது. இன்னொரு சரிவில் விழுவது வாணியாற்றில் இறங்கித் தென்பெண்ணைக்குப் போகிறது. வானம் தெளிந்த நாளில் லேடீஸ் சீட்டில் நின்றால் தூரத்தில் மேட்டூர் அணையின் தண்ணீர் மினுங்குவது தெரியும்.

மேலிருந்து பார்க்கும்போது அது கண்ணுக்குக் குளிர்ச்சியான தண்ணீர். கீழே இறங்கினால், இரண்டு மாநிலங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவரும் வழக்கு. அந்த வழக்கின் நடுவே, இரு பக்கத்து விவசாயிகளும் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்த கதை ஒன்று உண்டு. மொழியும் பழக்கமும் வேறாக இருக்கிறவர்கள் எப்படிப் பேசித் தீர்ப்பது என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் நல்ல பாடம் அது. அந்தப் பாடத்தில் வெற்றி மட்டும் இல்லை, தோல்வியும் இருக்கிறது.

பெயரிலேயே ஒரு தடுமாற்றம்

புரிந்துகொள்ளாமை எங்கே தொடங்கும் என்பதற்கு ஏற்காடே சாட்சி. இந்த மலையின் பழங்குடி மக்களுக்கு ‘மலையாளி’ என்று பெயர். அதைக் கேட்டதும், முதல் முறை வரும் சுற்றுலாக்காரர்கள் கேரளத்துக்காரர்கள் என்றே நினைத்துவிடுவார்கள். இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கிவிட்டதாக இவர்களிடம் வழிவழியாகச் சொல்லப்படும் கதை உண்டு.

ஒரே மொழிக்குள்ளேயே ஒரு பெயர் இவ்வளவு குழப்பினால், இரண்டு மொழிகளுக்கு நடுவே என்ன ஆகும்? காவிரிச் சண்டையிலும் சொற்கள் பாதி வேலையைக் கெடுத்திருக்கின்றன. தஞ்சாவூர் விவசாயி குறுவை, சம்பா, தாளடி என்று கணக்குப் போடுவார். மண்டியா விவசாயிக்கு அந்தச் சொற்கள் புரியாது. அவருக்கு முங்காரு, ஹிங்காருதான். தென்மேற்குப் பருவமழை முங்காரு, வடகிழக்குப் பருவமழை ஹிங்காரு. கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டால் புரியும். முன் கார், பின் கார். மழைக்கு நாம் சொல்லும் அதே ‘கார்’தான் அங்கேயும் இருக்கிறது.

தலைமுறை தாண்டிய பகை

பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1892-ல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் முதல் ஒப்பந்தம். மைசூர் கண்ணம்பாடியில் பெரிய அணை கட்ட முனைந்ததும் தகராறு முற்றியது. நீதிபதி கிரிஃபின் நடுவராக இருந்து 1914-ல் சொன்ன தீர்ப்பை சென்னை ஏற்கவில்லை. ஒருவழியாக 1924-ல் மறுபடியும் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே கிருஷ்ணராஜ சாகர் எழுந்தது, இங்கே 1934-ல் மேட்டூர் அணை.

அந்த ஒப்பந்தத்தை இரு பக்கமும் பார்க்கிற பார்வையே வேறு. தமிழகத்துக்கு அது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமை. கல்லணைக் காலத்திலிருந்து பாசனம் பெற்ற வயல்களுக்கான உறுதிமொழி. கர்நாடகத்துக்கோ, பிரிட்டிஷ் ஆட்சியின் நேரடி மாகாணம் ஒன்று, அதற்குக் கீழ்ப்பட்டிருந்த சமஸ்தானத்தின் கையை முறுக்கி வாங்கிய காகிதம். ஒரே காகிதம்தான், ஆனால் இரண்டு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த கதை வேறு.

1983-ல் டெல்டா விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதை முன்னின்று நடத்தியவர் மன்னார்குடி எஸ்.ரங்கநாதன். அந்த வழக்கின் விளைவாகத்தான் 1990-ல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. அடுத்த ஆண்டு ஜூனில், ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தர வேண்டும் என்று இடைக்காலத் தீர்ப்பு வந்தது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது சுமார் 2,832 கோடி லிட்டர் தண்ணீர். தீர்ப்பு அரசிதழில் வெளியான 1991 டிசம்பரில் பெங்களூரிலும் மைசூரிலும் கலவரம் வெடித்தது. அணையையோ ஆயக்கட்டையோ பார்த்தே இராத தமிழ்க் குடும்பங்கள், பேசுகிற மொழிக்காக அடிபட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் திரும்பின.

2002-ல் மழை பொய்த்தபோது எல்லாம் மறுபடியும் தொடங்கியது. கர்நாடக முதல்வர் எஸ்.எம்.கிருஷ்ணா பாதயாத்திரை போனார். இங்கே திரையுலகம் நெய்வேலிக்குத் திரண்டது. மறுநாள் ரஜினிகாந்த் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். யார் எங்கே நின்றார்கள், யார் வரவில்லை என்பதே பேச்சாக இருந்தது. வயலில் பயிர் என்ன ஆனது என்பது கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது.

காவிரிக் குடும்பம்

அந்தச் சூட்டில்தான் ஒரு யோசனை பிறந்தது. தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்கள் ஏன் ஒருவரோடு ஒருவர் நேரில் பேசக் கூடாது? சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ்.ஜனகராஜன் முயற்சியெடுத்தார். 2003 ஏப்ரலில் இரு மாநில விவசாயிகளும் சென்னையில் கூடினார்கள். அடுத்த கூட்டம் பெங்களூரில். சேர்ந்து அமைத்துக்கொண்ட குழுவுக்குக் ‘காவிரிக் குடும்பம்’ என்று பெயர் வைத்தார்கள்.

தமிழகத் தரப்பில், 20 ஆண்டுகளாக வழக்கு நடத்திக்கொண்டிருந்த அதே மன்னார்குடி ரங்கநாதன். கர்நாடகத் தரப்பில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் கே.எஸ்.புட்டண்ணையா. கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்தின் தலைவர், மண்டியா மண்ணின் மனிதர். இவர்கள் யாரும் ‘சமாதானம் பேசுவதே தொழில்’ என்று இருந்தவர்கள் இல்லை. தத்தம் பக்கத்துக்காக உரக்கக் குரல் கொடுத்தவர்கள். அதனால்தான் அவர்கள் உட்கார்ந்ததற்கு மதிப்பு இருந்தது. விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சொந்த ஊரில் யாரும் அவர்களைச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

குழு செய்த முக்கியமான காரியம், ஒருவர் மண்ணுக்கு இன்னொருவர் போனது. தமிழக விவசாயிகள் கர்நாடகத்து அணைகளையும் வயல்களையும் பார்த்தார்கள். கர்நாடக விவசாயிகள் டெல்டாவுக்கு வந்தார்கள். அதுவரை, ‘மேலே நிரப்பி வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்கள்’ என்று இங்கே நினைப்பு. ‘முப்போகம் விளைவித்துக்கொண்டு இன்னும் கேட்கிறார்கள்’ என்று அங்கே நினைப்பு. இங்கிருந்து போனவர்கள் அங்கே வறட்சியைப் பார்த்தார்கள். அங்கிருந்து வந்தவர்கள் இங்கே காய்ந்த வயல்களைப் பார்த்தார்கள். எந்த ரிப்போர்ட்டும் சொல்லாததை, வெடித்துக் கிடந்த மண் சொல்லிவிட்டது.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பயம்

பேச்சுவார்த்தை என்றாலே நமக்கு ஞாபகம் வருவது பேரம். நீ நூறு சொல்லு, நான் ஐம்பது சொல்கிறேன், நடுவில் முடிப்போம். காவிரியில் இந்த வழி சரிப்படவே இல்லை. காரணம், இரண்டு பக்கமும் கேட்பது வெறும் எண் இல்லை. எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது பயம். அந்தப் பயங்கள் வேறு வேறானவை.

டெல்டாவின் பயம் காலத்தைப் பற்றியது. மரபுப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால்தான் குறுவை. அது தப்பினால் சம்பாவும் பின்னுக்குப் போகும். நாற்று விட்டுத் தாமதமானால், கதிர் முற்றும் நேரத்தில் ஐப்பசி, கார்த்திகைப் புயலில் மாட்டிக்கொள்ளும். ‘உங்களுக்குத்தான் வடகிழக்குப் பருவமழை இருக்கிறதே’ என்று கர்நாடகத்தில் கேட்பார்கள். அந்த மழை சில ஆண்டுகளில் வயலை வாழவைக்கும், சில ஆண்டுகளில் மூழ்கடிக்கும் என்பதை டெல்டாவில் வந்து நின்றால்தான் புரிந்துகொள்ள முடியும்.

கர்நாடகத்தின் பயம் வேறு. அவர்கள் நம்பியிருப்பது குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற தென்மேற்குப் பருவமழையை. ஜூலை, ஆகஸ்டில் அது ஏமாற்றினால் அங்கேயும் நிற்கும் பயிர் வாடும், பெங்களூருக்குக் குடிநீரும் திண்டாட்டம். அதே நேரத்தில் கீழே திறந்துவிடச் சொல்லி உத்தரவு வரும். தன் கண் முன்னால் தன் வாய்க்காலைத் தாண்டித் தண்ணீர் போவதை ஒரு விவசாயி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வயிற்றெரிச்சல் என்ன என்பதை, கடைமடையில் காத்துக் கிடக்கும் நம் விவசாயியைவிட யார் நன்றாகப் புரிந்துகொள்வார்?

எண்ணை விட்டுவிட்டுத் தேவையைக் கேள் என்பது, பேச்சுவார்த்தையைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் எல்லாம் முதல் பாடம். அதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் 1978-ல் எகிப்தும் இஸ்ரேலும் கேம்ப் டேவிட்டில் செய்துகொண்ட உடன்பாடு. சினாய் பாலைவனத்தில் கோட்டை எங்கே போடுவது என்று சண்டை போட்டவரை முடிவு வரவில்லை. எகிப்துக்கு வேண்டியது தன் மண், இஸ்ரேலுக்கு வேண்டியது எல்லையில் டாங்கிகள் நிற்காத நிம்மதி. அது தெரிந்ததும், மண்ணை எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்து, அங்கே படை நிற்பதற்குக் கட்டுப்பாடு வைத்து முடித்தார்கள்.

காவிரியிலும் கடைசியில் தேவையைத்தான் எடைபோட வேண்டியிருந்தது. 2007-ல் நடுவர் மன்றம், கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-ல், 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக. மீதி 10 டி.எம்.சி., டெல்டாவில் இருக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததற்காக. இங்கே பலருக்கு அது கசந்தது. அங்கேயும் எல்லோருக்கும் இனிக்கவில்லை.

சிலைக்குச் சிலை

வேற்று மொழிக்காரரோடு தகராறு தீர்ப்பதில் இன்னொரு விஷயமும் உண்டு. தண்ணீரை லிட்டரில் அளக்கலாம், மரியாதையை அளக்க முடியாது. ஆனால், அது கைமாறினால்தான் மற்றது கைமாறும்.

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் 1991-ல் ஒரு திருவள்ளுவர் சிலை வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்ப, திறக்க முடியாமல் சுற்றி மூடிவிட்டார்கள். 18 ஆண்டுகள் வள்ளுவர் கோணிக்குள் நின்றார். இரண்டு மாநிலங்களிலும் ஆட்சிகள் மாறின, சிலை மட்டும் அப்படியே இருந்தது. அதை விடுவித்தது ஓர் எளிய யோசனை. கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சென்னையில் ஒரு சிலை வைப்போம்.

2009 ஆகஸ்ட் 9-ல் முதல்வர் கருணாநிதி பெங்களூர் போய், முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, வள்ளுவர் சிலையைத் திறந்தார். நான்கே நாளில், ஆகஸ்ட் 13-ல், சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. வள்ளுவர் இரண்டடியில் சொன்னவர், சர்வக்ஞர் மூன்றடியில் சொன்னவர். அன்றைக்குத் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. ஆனால், ‘எங்கள் பெரியவருக்கு உன் ஊரில் இடம் உண்டு’ என்ற செய்தி இரு பக்கமும் போனது.

இதே பாடத்தை 2023 செப்டம்பரில் மறுபடியும் பார்த்தோம். மழை குறைந்த ஆண்டு. தன் படத்துக்காகப் பெங்களூரில் பத்திரிகையாளர்களைச் சந்தித்துக்கொண்டிருந்த நடிகர் சித்தார்த்தை, காவிரிப் போராட்டக்காரர்கள் உள்ளே புகுந்து வெளியேறச் செய்தார்கள். கன்னட நடிகர் சிவராஜ்குமார், தங்கள் திரையுலகின் சார்பில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். பிரகாஷ்ராஜும் மன்னிப்புக் கேட்டார். காவிரியில் தங்கள் மாநிலத்தின் கோரிக்கையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. விருந்தாளியை அவமதித்தது தப்பு என்றார்கள். கோரிக்கை வேறு, மனிதன் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் பாதித் தீர்வு.

எங்கே நின்றுபோனது?

காவிரிக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் கூடிப் பேசியது. மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த பெரிய கேள்வி. நல்ல மழை பெய்த ஆண்டில் யாரும் சண்டை போடுவதில்லை. அணை நிரம்பினால் உபரி நீர் கேட்காமலே மேட்டூருக்கு வந்துவிடும். பற்றாக்குறை ஆண்டில்தான் பஸ் எரியும்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு சூத்திரம் அவர்களால் எட்ட முடியவில்லை. அதற்கு ஒரு காரணம், அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் கையெழுத்துப் போட்டால் எந்த மதகும் திறக்காது. முடிவெடுக்கும் அதிகாரம் அரசுகளிடமும் நீதிமன்றத்திடமும் இருந்தது. அரசுகளுக்கோ, தேர்தலுக்குத் தேர்தல் காவிரி தேவைப்பட்டது. இறங்கி வந்தால் அடுத்த கட்சி விடாது என்ற பயம் இரு பக்கமும் ஒன்றேதான்.

2016 செப்டம்பர் 12-ல் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பஸ்கள் வரிசையாக எரிந்தபோது, பேச்சே வீண் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஸ்ஸைக் கொளுத்தியது நகரத்தில். வயலில் நிற்கிறவனுக்கு, எதிர்ப்பக்கமும் ஒரு வயல் இருக்கிறது என்று தெரியும். அதை இரண்டு பக்கமும் கொஞ்சம் பேருக்காவது காட்டிக்கொடுத்ததுதான் அந்தக் குடும்பம் மிச்சம் வைத்துவிட்டுப் போன சொத்து.

2018 தீர்ப்புக்குப் பிறகு, அந்த ஆண்டு ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. இப்போது கணக்குப் பார்க்க ஒரு மேசை இருக்கிறது. மாதாமாதம் எவ்வளவு என்ற அட்டவணை இருக்கிறது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 டி.எம்.சி. என்று பில்லிகுண்டுலுவில் அளக்கிறார்கள். மழை குறைந்தால் அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு குறைந்தால் எவ்வளவு என்பதில்தான், 2023-ல் பார்த்ததுபோல, ஒவ்வொரு வறட்சியிலும் தகராறு. 2003-ல் விவசாயிகள் எடுத்துவைத்த கேள்வி இன்னும் மேசையிலேயே கிடக்கிறது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும்

இன்றைக்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை உண்டு. கன்னட மருமகளோ, தெலுங்கு மருமகனோ வந்த வீடுகள் உண்டு. வடநாட்டுத் தொழிலாளர்கள் இல்லாத கட்டடம் இல்லை, ஹோட்டல் இல்லை. காவிரி அளவுக்குப் பெரிதாக இல்லாவிட்டாலும், அதே மாதிரித் தகராறுகள் நம் வாசலுக்கும் வரும். அப்போது ஞாபகம் வைக்க வேண்டியவை சில.

சொல்லை முதலில் கேளுங்கள். எதிராளி பயன்படுத்தும் வார்த்தைக்கு அவர் ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. முங்காருக்குள் கார் இருப்பதுபோல, தெரிந்த சொல்லே உள்ளே இருக்கலாம்.

அவர் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து நியாயம் கேட்டால், அது விசாரணையாகிவிடும்.

என்ன வேண்டும் என்பதோடு, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு எண் பதிலாக வரும். இரண்டாவது கேள்விக்குத்தான் வழி பிறக்கும்.

முடிவெடுக்கிறவரையும் உட்காரவையுங்கள். சம்பந்தி இருவரும் பேசி முடித்துவிட்டு, வாழப்போகிற பிள்ளைகளைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல நாளில் பேசிவையுங்கள். அணை நிரம்பியிருக்கும்போது பற்றாக்குறையைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் அப்போதுதான் பேச முடியும்.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், 2018 பிப்ரவரி 18-ல், புட்டண்ணையா மண்டியாவில் ஒரு கபடிப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் காலமானார். தண்ணீருக்காகச் சண்டையும் போட்டு, எதிர்ப்பக்கத்தாரோடு ஒரே பந்தியிலும் உட்கார்ந்தவர். சேர்வராயன் குகையில் மலையும் ஆறும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் இருப்பதுபோல, உரிமையும் உறவும் ஒரே மனிதனிடம் இருக்க முடியும் என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். அடுத்த முறை மழை பொய்க்கும்போது, அப்படிப்பட்டவர்கள் இரு கரையிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.